நடுவர் இருக்கையில் யார் உட்காருவது?

காட்டில் யானைகளும் நாட்டில் ராஜாக்களும் நிறைந்திருந்த காலத்தில், ஆலங்கரை நாட்டைத் திருமேனிராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நினைத்தால் மழை, நினைத்தால் வெயில். காலையில் ஒருவனுக்குப் பல்லக்குக் கொடுப்பான். மாலையில் அவனையே அதைத் தூக்கச் சொல்வான்.

மாதப் பிறப்பு தவறாமல் அரண்மனை முற்றத்தில் பந்தல் போட்டு வாதசபை கூட்டுவான். உழவரும் வணிகரும் பண்டிதரும் யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம். தலைப்பு மட்டும் மாறவே மாறாது: 'குற்றம் செய்தவன் மன்னிப்புப் பெற வழி என்ன?'

புண்ணிய நதியில் முழுகு என்பார் ஒருவர். தானம் செய் என்பார் இன்னொருவர். ஆறப் போட்டால் தானே ஆறிவிடும் என்பார் மூன்றாமவர். ராஜா நடுவராக உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டு, நன்றாகப் பேசியவருக்குப் பட்டாடை போர்த்துவான். போர்த்திவிட்டு, வந்ததைவிட வாடிய முகத்தோடு உள்ளே போவான்.

காரணம் அவன் நெஞ்சுக்குள் இருந்தது. அவனுக்குப் பால் கொடுத்து வளர்த்த செவிலித்தாயின் மகன் சடையன். இருவரும் அல்லி என்ற யானையின் முதுகில் வளர்ந்தவர்கள். ஆற்றில் அவள் படுத்துக்கொள்வாள். இரண்டு பேரும் அவள் வயிற்றில் சறுக்கித் தண்ணீரில் விழுவார்கள். கரும்புத் தோட்டத்தில் மூவருமாகத் திருடித் தின்றால் அடி மட்டும் சடையனுக்கு விழும். "தம்பிக்கும் சேர்த்து அடிச்சிடுங்க" என்று சிரிப்பான் அவன்.

பிறகு இவன் ராஜாவானான், அவன் பாகனானான். ஒரு கோடையில் வேட்டைக்குப் போனபோது, "அவளுக்குத் தண்ணி காட்டணும், இன்னிக்கு வேண்டாம்" என்று சடையன் தடுத்தான். ராஜா கேட்கவில்லை. உச்சி வெயிலில் விரட்டினான். அல்லி விழுந்தாள், எழவில்லை. மறுநாள் சபையில், "பாகனின் அசட்டையால் யானை போயிற்று" என்று சொல்லிவிட்டான். சடையன் அங்குசத்தைக் கீழே வைத்துவிட்டு ஊரைவிட்டே போனான்.

வாதசபையில் அதிகப் பட்டாடை வாங்கியவர் அவைப்பண்டிதர் வித்தகநாதர். அமைச்சர் செவ்வந்தியப்பரைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ஒருநாள் ராஜாவின் காதோரம் குனிந்தார்.

"அரசே, அமைச்சர் இதுவரை மேடை ஏறியதே இல்லை. அடுத்த சபையில் அவர் விடை சொல்லட்டும். முடியாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைக்கட்டும்."

அன்று ராஜாவுக்கு வெயில் நாள். "அப்படியே ஆகட்டும்" என்றான்.

செவ்வந்தியப்பர் தலையசைத்தார். மறுநாளே குதிரை ஏறி எல்லைப்புறம் போனார்.

மாதப் பிறப்பு வந்தது. பந்தல் கொள்ளாத கூட்டம். அமைச்சர் மேடையேறி, "முதலில் ஒரு சின்னச் சந்தேகம்" என்றார். "வழக்கில் சம்பந்தப்பட்டவரே நடுவராக இருக்கலாமா?"

"கூடாது. இது குழந்தைக்கும் தெரியும்" என்றார் பண்டிதர்.

"இன்றைய வழக்கு குற்றம் செய்தவருக்கும் அதனால் நொந்தவருக்கும் இடையில். எனவே யாருக்கும் பிழை செய்யாத ஒருவர்தான் நடுவராக வேண்டும். பண்டிதரே, நீங்கள் உட்காருங்களேன்."

பண்டிதர் சால்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். கூட்டத்தில் அவர் மனைவி லேசாக இருமினாள். பண்டிதர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். பந்தலே சிரித்தது.

முகம் சிவக்க அவர் சொன்னார்: "எதற்கு இந்த வீண் பேச்சு? அரசர் பிழையே செய்யாதவர். அவரே இருக்கட்டும்."

"மிகச் சரி" என்றார் அமைச்சர். "அரசே, 'நான் யாருக்கும் பிழை செய்ததில்லை' என்று சபையறிய ஒரு வார்த்தை சொல்லுங்கள். தொடங்கிவிடலாம்."

ராஜா வாயைத் திறந்தான். அப்போதுதான் முன்வரிசையில் இருந்தவனைப் பார்த்தான். தலை நரைத்திருந்தது. ஆனால் அந்தத் தோளை அவனுக்குத் தெரியாதா? எத்தனை நாள் அதில் ஏறி யானைமேல் தாவியிருக்கிறான்.

ராஜா இருக்கையைவிட்டு எழுந்தான். மேடையைவிட்டு இறங்கி, சடையன் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"அல்லியைக் கொன்றது நான்" என்றான் எல்லோருக்கும் கேட்கும்படி. "இவன் தடுத்தான். நான் கேட்கவில்லை. பழியை இவன்மேல் போட்டேன். என்னை மன்னித்துவிடு, அண்ணா."

ராஜா திரும்பி அமைச்சரைப் பார்த்தான். "உமக்கு எப்படித் தெரியும்?"

"மாதாமாதம் ஒரே கேள்வியைக் கேட்பவருக்கு விடை தெரியாமல் இருக்காது, அரசே. சொல்ல நா எழாமல் இருக்கும். யானைக் கொட்டில் வழியாகத் தாங்கள் நடந்தும் பல காலமாயிற்று. மிச்சத்தை எல்லையில் இருக்கும் இவரிடமே போய்க் கேட்டேன். 'வந்து உட்கார்ந்தால் போதும்' என்று இவரை அழைத்துவந்தேன்."

ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டான். "பண்டிதரே, இனி வாதசபையில் உமக்கு இடம் மேடையில் அல்ல, கூட்டத்தில். உம் பிழை ஒன்றை நீரே வாய்விட்டுச் சொல்லும் நாளில் மேலே வரலாம்." பண்டிதர் தலை குனிந்து, மனைவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

அதன் பிறகுதான் சடையன் பேசினான்.

"மன்னிச்சேனான்னு இன்னிக்குக் கேக்காதீங்க மகாராஜா. எனக்கே தெரியல. இத்தனை வருசமா என்னை அரிச்சது பழி இல்ல. அவ விழுந்ததும் நான் தண்ணிக்கு ஓடிட்டேன். திரும்பி வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அவ பக்கத்துல நீ மட்டும்தான் இருந்தே. கடைசியில எப்படி இருந்தா? அதைச் சொல்லு."

ராஜா சொன்னான்: "அவள் என்னைத் தொடவில்லை அண்ணா. தும்பிக்கையைத் தூக்கி, நீ ஓடின பக்கமே தேடிக்கொண்டிருந்தாள்."

சடையன் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டான். ராஜா அவன் தோளைத் தொட்டான். அந்தக் கையை அவன் தள்ளிவிடவில்லை. அன்று யாருக்கும் பட்டாடை போர்த்தவில்லை. ஜனங்கள் ஓசைப்படாமல் எழுந்து கலைந்தார்கள்.