தேயாத சாமான்

மேலக்குளத்தூரில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தச்சுப் பட்டறை திறப்பதென்று முடிவாயிற்று. என்ன சாமான் வாங்கலாம் என்று கூடிப் பேசினால், ஊர்த்தலைவர் வையாபுரி எதற்கும் தலையாட்டவில்லை.

“தேயாத, உடையாத, தொலையாத சாமானாச் சொல்லுங்க. இல்லேன்னா பட்டறையே வேண்டாம்” என்றார்.

கூடம் பெருக்கிக்கொண்டிருந்த செங்கமலம் நிமிர்ந்தாள்.

“அப்படி ஒண்ணு இருக்குங்க ஐயா. ஊருக்குப் பொதுவா வாங்கின ட்ரில்லிங் மிஷினைப் போன வருஷம் இரவல் கொண்டுபோனீங்களே, அதுதான். உங்க வீட்டுப் பரண்ல தேயாம, உடையாம, தொலையாம பத்திரமா இருக்கு.”

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. முகம் சிவந்த தலைவர், அடக்கமாட்டாமல் தானும் சிரித்துவிட்டார். வீட்டுக்குப் போய் மிஷினைத் தானே தூக்கிவந்து நடுவில் வைத்தார்.

“தேயற சாமானாவே வாங்குங்கப்பா” என்றார்.