நீர்நாய் ஒத்துக்கொண்ட குற்றம்

குளத்தங்கரைக் கோரைப்புல்லுக்குள்ளிருந்து ஓர் அழுகைச் சத்தம் கேட்டது. அழுவது யார் என்று முதலில் தெரியவில்லை. பிறகு புல்லை விலக்கிக்கொண்டு நீர்க்கோழி வெளியே வந்தது. நாவல் மரக் கிளைக்குக் கீழே, அல்லி இலைகளின் நடுவே கட்டியிருந்த கூட்டில் ஐந்து முட்டைகளையும் காணோம்.

அன்று அந்தப் பக்கம் மீன் பிடித்தது நீர்நாய் ஒன்றுதான். கரைச் சேற்றில் அதன் கால்தடம் இருந்தது. சந்தேகத்துக்கு அது போதாதா?

அந்தக் குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாய்வதற்குள் குற்றத்தை ஒத்துக்கொண்டால், மழை வரும்வரை மலைக்கு அந்தப் பக்கம் இருந்துவிட்டு வரலாம். இல்லை என்று சாதித்துத் தோற்றால், ஆயுளுக்கும் குளத்தை மறந்துவிட வேண்டும். தீர்ப்புச் சொல்வது எருமைப் பெரியாத்தா.

நீர்நாய்க்குப் பேச வராது, நீந்தத்தான் வரும். தனக்காகப் பேச மரநாயைக் கூப்பிட்டது. மரநாய்க்கோ அந்த நீச்சலைக் கண்டாலே வயிறு எரியும். நீர்நாய் நீந்தினால் குளமே கரையில் கூடி வேடிக்கை பார்க்கும். மரத்தில் தான் போடும் குட்டிக்கரணத்தை ஓர் அணில்கூட நிமிர்ந்து பார்க்காது.

"பங்காளி, உன் வீட்டுக்காரி மாசமா இருக்கா. சாதிச்சுத் தோத்தா பிள்ளை முகத்தையே பார்க்க முடியாது. ஒத்துக்கிட்டு மழையோட வந்துடு," என்றது மரநாய்.

"நான் எடுக்கலையே."

"அதை யார் கேட்டா?"

நீர்நாய் தலைகுனிந்து ஒத்துக்கொண்டது. மலை தாண்டிப் போனது.

ஒரு மாதத்தில் குட்டிகள் பிறந்த சேதி அங்கே எட்டியது. முட்டைத் திருடன் பிள்ளைகள் என்று அவற்றை யாரும் விளையாடச் சேர்ப்பதில்லை என்ற சேதி சில வாரம் கழித்து வந்தது. தனக்கு வந்ததைப் பொறுத்துக்கொண்ட நீர்நாய்க்கு இது பொறுக்கவில்லை. திரும்பி வந்து பெரியாத்தா முன் நின்றது. பயத்தில் பொய் சொல்லிவிட்டேன், அந்தத் தீர்ப்பை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சியது.

"ஒத்துக்கிட்டதும் உன் வாய்தான், இல்லேங்கறதும் உன் வாய்தான். எதை நம்பறது? நீ செஞ்சிருக்கவே முடியாதுன்னு காட்டு, கேக்கறேன்," என்றது எருமை.

காட்டுவதற்கு நீர்நாயிடம் ஒன்றும் இல்லை. அதற்குள் கூட்டத்தில் ஒரு தவளை மெச்சிக்கொண்டது. ஓர் அல்லித்தண்டு ஒடியவில்லை, இலைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, இப்படி நீந்தித் திருட வேறு யாரால் முடியும் என்றது. கில்லாடிதான் என்று ஆமையும் தலையாட்டியது.

மரநாயால் தாங்க முடியவில்லை. திருட்டிலுமா இவனுக்குப் பேர்?

"நீந்திப் போனா இலை நனையாதா, முட்டாள்களா? மேலே நாவல் கிளையில பின்னங்காலைக் கோத்துத் தலைகீழாத் தொங்கணும். முட்டைக்கு ஒரு தடவை, அஞ்சு தடவை! இவனால ஆகுமா?"

எருமை அசைபோடுவதை நிறுத்தியது.

"இவனால ஆகாது," என்றது மெதுவாக.

தீர்ப்பு ரத்தானது. மரநாய் ஆயுளுக்கும் மலைக்கு அந்தப் பக்கம் போனது. இனிமேல் ஒத்துக்கொள்கிறவரிடமும் எப்படிச் செய்தாய் என்று கேட்காமல் விடுவதில்லை என்றது பெரியாத்தா.

நீர்நாய் தன் வளைக்குப் போனது. குட்டிகள் அப்பாவை அடையாளம் தெரியாமல் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தன. நீர்நாய் வாசலில் சரிந்து கிடந்த மண்ணைக் காலால் தள்ள ஆரம்பித்தது.

தண்டனை குறையும் என்று பொறாமைக்காரன் சொல்வதை நம்பி, செய்யாத குற்றத்தை ஒத்துக்கொள்ளக் கூடாது.