சார் நின்ற இடம்

“ஜெபசிங்கை டீமை விட்டு எடுத்துடலாம்னு இருக்கேன், மேடம்.”

சொன்னவர் அந்தோணிதுரை. வயது ஐம்பத்திரண்டு. தாம்பரம் பக்கத்து அமெரிக்கன் ஃபுட்பால் அணி ஒன்றில் தடுப்பாட்டக்காரர்களுக்குப் பயிற்சியாளர்.

கேட்டுக்கொண்டிருந்த செண்பகவல்லிக்கு முப்பது நடக்கிறது. ஓரத்தில் நின்று தடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பேர். அதனால்தான் வயதைப் பார்க்காமல் அந்தோணிதுரை அவரை மைதானத்துக்கு அழைத்திருந்தார்.

செண்பகவல்லி உட்காரச் சொன்னார். அந்தோணிதுரையால் முடியவில்லை. குறுக்கும் நெடுக்கும் நடந்தபடியே குறையைச் சொன்னார்.

எதிரணியில் ஒருவன் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடிவருவான். அவன் வெளிப்பக்கமாகச் சுற்றிப் போய்விடாமல் பார்த்துக்கொள்வது வரிசையின் கடைசி ஆளின் வேலை. ஜெபசிங்தான் அந்தக் கடைசி ஆள். எதிரணி மறுபக்கம் சாய்ந்தால் போதும், இருந்த இடத்தை விட்டுவிட்டு அங்கே பாய்ந்துவிடுவான். அவன் விட்ட வழியாகப் பந்து திரும்பி வரும். மூன்று ஆட்டம் அப்படியே தோற்றாயிற்று. எதிரே நிற்பவன் தோளைப் பார், வெளிக்காலைப் பின்னால் வை என்று தொண்டை வற்றச் சொல்லியும் பலன் இல்லை.

மாலையில் மாநில அணித் தேர்வுக்குப் பெயர் கொடுக்க வேண்டும். ஜெபசிங்குக்கு இருபத்தெட்டு வயது. இந்த வருஷம் விட்டால் அப்புறம் யாரும் கூப்பிடப் போவதில்லை.

“எத்தனை தடவை இடத்தை விட்டான்?” என்று செண்பகவல்லி கேட்டார்.

“ஆட்டத்துக்கு ஒண்ணு. மூணு தடவை.”

“நின்னது?”

“அதை யார் கவனிச்சா?”

செண்பகவல்லி எழுந்து, மற்றவர்களோடு பயிற்சியில் இருந்த ஜெபசிங்கிடம் போய்ப் பந்தை அவன் கையில் கொடுத்தார். இன்றைக்கு நீ ஓடு, வழி எங்கே தெரிகிறதோ அங்கே போ என்றார். பிறகு இந்தப் பக்கம் திரும்பினார்.

“சார், நீங்க அவன் இடத்துல நில்லுங்க.”

அந்தோணிதுரை தயங்கினார். பிறகு போய் நின்றார். நின்றதில் ஒரு குறை சொல்ல முடியாது. வெளிக்கால் பின்னால். கண் எதிராளியின் தோளில்.

விசில்.

எல்லோரும் மறுபக்கம் சாய்ந்தார்கள். ஒரே கூச்சல். என்னதான் நடக்கிறது என்று அந்தோணிதுரை இரண்டு எட்டு வைத்தார். அதற்குள் ஜெபசிங் அவர் முதுகுப் பக்கமாகச் சுற்றிப் போய்விட்டான்.

“கால் தானாப் போயிடுச்சு.”

செண்பகவல்லி இன்னொரு தடவை என்று விரலைக் காட்டினார்.

இரண்டாவது முறை ஒரே ஒரு எட்டு. ஜெபசிங் சுற்றிப் போக அதுவே போதுமானதாக இருந்தது.

மூன்றாவது முறை நின்றார்.

அந்தப் பக்கம் மோதுகிறார்கள், விழுகிறார்கள். உலகமே தன்னை விட்டுவிட்டு அங்கே நடப்பதுபோல் இருந்தது. கெண்டைக்கால் துடித்தது. இப்படி நிற்பதைவிட ஓடித் தோற்பது சுலபம் என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

ஜெபசிங் ஒரு கணம் இந்தப் பக்கம் திரும்பினான். பார்த்தான். சட்டென்று நடுவிலேயே புகுந்தான். நாலு பேர் சேர்ந்து அமுக்கிவிட்டார்கள்.

விசில். அந்த நாலு பேரின் முதுகிலும் தட்டி எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். அந்தோணிதுரை பக்கம் யாரும் திரும்பவில்லை.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முகத்தில் கடுப்பு.

“நின்னேன், மேடம். ஒண்ணும் வரலையே. சும்மாதானே நின்னேன்?”

செண்பகவல்லி, மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்த ஜெபசிங்கிடம் கேட்டார்.

“இந்தப் பக்கம் திரும்பினியே, ஏன் வரலை?”

கேள்வியே புரியாதவன்போல் அவன் இருவரையும் பார்த்தான்.

“எப்படி வர்றது? அங்கதான் சார் நிக்கிறாரே.”