வைரியின் குரலில் அழைத்த தாய்

டொக்... டொடொக்... டொக்.

நீலி முதன்முதலாகக் கேட்ட ஓசை அதுதான். அப்போது அவள் முட்டையை விட்டு வெளியே வரவில்லை. வெளியே முதல் மழை. கூட்டுக்குப் பக்கத்தில் ஒடிந்து நின்ற மூங்கிலின் வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. பிறகு காற்று வந்து அதே மூங்கிலை ஊதிற்று. ஊஊம்...

நீலி ஒரு கரிச்சான் குருவி. கன்னங்கரிய உடல், நீண்ட வாலின் இரு நுனியிலும் துடுப்புப் போல ஓர் இறகு. எந்தக் குரலைக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்லும் இனம். மயில் என்றால் மயில். கிளி என்றால் கிளி. ஆனால் அந்த மூங்கில் ஓசையை மட்டும் அவளால் அப்படியே சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு முறையும் சற்று மாறியே வந்தது. மாறி வந்ததுதான் அவளுக்குப் பிடித்திருந்தது.

வளர்ந்து இணை சேர்ந்த ஆண்டு அவள் மலைச்சரிவில் கூடு கட்டி மூன்று முட்டைகள் இட்டாள். அதே வாரம் அடித்த சூறைக்காற்று அவள் இணையைக் கொண்டுபோயிற்று. நீலி தனியாக அடைகாத்தாள். பயம் வந்தபோதெல்லாம் மூங்கில் பாட்டை முட்டைகளின் மேல் முணுமுணுத்தாள்.

மேல்கிளையில் குடியிருந்த மலையணில் செம்பி எட்டிப் பார்த்தாள்.

"அடியே! என்ன பாட்டுடி அது? ஆரம்பிச்சதுமே கண்ணைச் சொக்குது!"

"இன்னும் முடியலக்கா. பாதிதான் வந்திருக்கு."

"பாதிக்கே இப்படியா! முழுசா வந்தா நான் கிளையிலேருந்து விழுந்துருவேன்!"

ஆனால் பாட்டு வயிற்றை நிரப்புமா? அடைகாக்கிறவள் இரை தேடி எவ்வளவு தூரம் போக முடியும்? நீலி மெலிந்தாள். அப்போதுதான் வாலன் என்னும் வால்காக்கை வந்து சேர்ந்தான். காட்டில் யாருக்கு என்ன வேண்டும், அது யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

"தங்கச்சி! அத்தி பழுத்திருக்கு. குரங்குக் கூட்டம் மொத்தமும் அங்கதான். நீ வந்து நாலு குரல் காட்டு. அதுங்க குஷியில கிளையை உலுக்கும். கிளம்புற பூச்சியெல்லாம் நமக்கு! உனக்குப் பாதி, எனக்குப் பாதி!"

"முட்டைங்க?"

"பக்கத்து மரம்தானே! உச்சிவெயில்ல முட்டைக்கு என்ன ஆகப்போகுது?"

"அண்ணே, எங்கிட்ட ஒரு பாட்டு இருக்கு. மூங்கில்..."

"அதெல்லாம் அப்புறம்! முதல்ல வயிறு!"

வாலன் சொன்னதில் தப்பில்லை. பசி பொய் சொல்லாது. நீலி போனாள். மயிலாக அகவினாள். கிளியாகக் கீச்சிட்டாள். கடைசியில் வைரியாக வீறிட்டாள். வைரி, சிறு பறவைகளைக் கிழித்துத் தின்னும் வேட்டைப் பறவை. அந்தக் குரல் எழுந்ததும் மரமே அலறிற்று. ஏமாந்தது தெரிந்ததும் மரமே சிரித்தது.

"இன்னொரு தடவை! வைரி! வைரி!"

குரங்குகள் கிளைகளை உலுக்கின. பூச்சிகள் புகைபோல எழுந்தன.

அன்றிலிருந்து தினமும் வைரிதான். போகும்போதும் வரும்போதும் நீலி அதையே பழகினாள். கூட்டில் உட்கார்ந்தால் அசதியில் தூங்கிப்போனாள். மூங்கில் பாட்டு? நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். பழக்காலம் முடியட்டும் என்றாள்.

ஒரு நண்பகலில் அவள் புழுவோடு திரும்பியபோது முட்டைகள் பொரிந்திருந்தன. உள்ளே மூன்று குஞ்சுகள். கண் திறக்கவில்லை. உடம்பெல்லாம் நடுக்கம். நீலி புழுவைக் கிளையில் வைத்துவிட்டு, அம்மா வந்துவிட்டேன் என்று கூப்பிட வாயைத் திறந்தாள்.

வெளியே வந்தது வைரியின் வீறிடல்!

குஞ்சுகள் கூட்டின் அடியோடு ஒட்டிக்கொண்டன. நீலி பதறிப்போய் வேறு குரலில் அழைத்தாள். அது மயிலாக இருந்தது. இன்னொன்று கிளியாக இருந்தது. ஒரு வாயும் திறக்கவில்லை. குஞ்சு வாய் திறக்காமல் தாய் எப்படி ஊட்டுவாள்? தன் குரலைத் தொண்டைக்குள் தேடினாள். அங்கே காடே இருந்தது. அவள் மட்டும் இல்லை.

பொழுது சாய்ந்தது. மூன்றில் சிறிய குஞ்சின் கழுத்து தொங்கத் தொடங்கிற்று.

"ஏண்டி, யாருடி உன் வீட்டுல?" என்று செம்பி மேலிருந்து கத்தினாள். "வைரி, மயிலு, கிளி! சந்தையே கூடியிருக்கு! என் தூக்கம் போச்சு!"

"நான்தான்க்கா! பிள்ளைங்க வாயைத் திறக்க மாட்டேங்குதுங்க!"

"நீயா? நான் யாரோன்னு நினைச்சேன்! முன்னெல்லாம் ஒண்ணு பாடுவியே, கண்ணைச் சொக்குமே, அதைப் பாடித் தொலை! நானாவது தூங்குறேன்!"

நீலி கண்ணை மூடிக்கொண்டாள். டொக்... பாதியில் அறுந்தது. நடுவே கிளி புகுந்தது. நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள். டொக்... டொடொக்... தொண்டை கரகரத்தது. ஊஊம்...

கூட்டுக்குள் ஏதோ அசைந்தது. தொங்கிய கழுத்து மெல்ல நிமிர்ந்தது. சிவந்த வாய் ஒன்று திறந்தது. பிறகு இன்னொன்று. பிறகு மூன்றும்! முட்டைக்குள் இருந்தபோது அவை கேட்டிருந்த தாய்க்குரல் அது ஒன்றுதான்.

நீலி ஊட்டினாள். மேல்கிளையில் செம்பி குறட்டை விட்டாள்.

மறுநாளும் நீலி அத்திமரத்துக்குப் போனாள். வைரியைக் காட்டி இரையைப் பெற்றுக்கொண்டாள். பிறகு மூங்கில் பாட்டைப் பாடினாள். குரங்குகள் கொட்டாவி விட்டன.

"இது யாரோட குரல்?" என்றது ஒரு மந்தி.

"என்னோடது!"

"உன்னோடதை யாரு கேட்டா?"

வாலன் சிறகால் தலையில் அடித்துக்கொண்டான். "தங்கச்சி! பிழைப்பைக் கெடுத்துக்காதே!"

"பிழைப்புக்கு மத்தியானம் இருக்குண்ணே. சாயங்காலம் எனக்கு வேணும்!"

அதன்பின் நாள்தோறும் அந்தி சாயும்போது அவள் ஒடிந்த மூங்கில் ஒன்றின் மேல் உட்கார்ந்து பாடினாள். முதலில் கேட்டவள் செம்பி மட்டும்தான், அவளும் தூங்கிவிடுவாள். அடுத்த மழையில் இரண்டு மைனாக்கள் வந்தன. அதற்கடுத்த பழக்காலத்தில் அந்த மந்தியே குட்டியை வயிற்றில் இடுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தது. கிளையை உலுக்கவில்லை. பாட்டு முடிந்தும் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. நாளடைவில் சாயங்காலம் வருகிற கூட்டம் மத்தியானக் கூட்டத்தை விடப் பெரிதாயிற்று. பாட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது.

"முடிஞ்சுதாடி?" என்பாள் செம்பி.

"இன்னும் இல்லக்கா!"

வாலன் பேசத் தெரிந்த ஒரு மைனாவைக் கூட்டிக்கொண்டு அடுத்த மலைக்குப் போய்விட்டான். செம்பி ஒரு பனிக்காலத்தில் இறந்துபோனாள். அந்தப் பாட்டை அவள் ஒருநாளும் கடைசிவரை விழித்திருந்து கேட்டதில்லை.

பிழைப்புக்காகப் பத்துக் குரலில் பாடலாம். ஆனால் தன் குரலை ஒருநாளும் பட்டினி போடக் கூடாது.