குழாயில் விட்டது

மடத்துக்கு இணைய இணைப்பு வந்த நான்காவது வருடத்தில்தான் நல்லசிவத்துக்குக் குருவிடம் கேட்க ஒரு கேள்வி கிடைத்தது. அதுவரை அவர் எதையும் கேட்டதில்லை.

நல்லசிவம் தொலைபேசி இலாகாவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தொன்று. குரு தாயம்மைக்கு நாற்பத்துமூன்று. அப்பா வயதுக்காரர் சீடரா என்று ஊரில் சிரித்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மடத்தில் இருந்த ஒரே கணினியைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

இணைப்பு கொடுத்தவன் கடைவீதியில் கேபிள் கடை வைத்திருந்த குமரேசன். மடத்துக் கணினி எந்தெந்தத் தளத்துக்குப் போகிறது என்று அவன் கடைத் திரையில் பெயர் தெரியும். உள்ளே போய் என்ன படித்தார்கள் என்பது தெரியாது. பெயரே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. ஒருநாள் டீக்கடையில் நாலு பேர் முன்னால் கேட்டான்.

"என்ன சாமி, ஆசையை விடச் சொல்ற எடத்துல கிரிக்கெட் ஸ்கோர் பாக்குறது யாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். நல்லசிவம் பாதி டீயை வைத்துவிட்டு வந்து, அன்றைக்கே ஒரு வி.பி.என். வாங்கிப் போட்டார். அது மூடிய குழாய் மாதிரி. மடத்திலிருந்து கிளம்புவது எல்லாம் அதற்குள் புகுந்து, வேறு ஏதோ ஒரு நாட்டில் வெளியே வரும். குழாய் இருப்பது குமரேசனுக்குத் தெரியும். அதில் என்ன போகிறது என்பது தெரியாது.

செவ்வாய்க்கிழமை தியானத்துக்கு வரும் பெண்கள் பத்துப் பேரிடமும் இதைப் பெருமையாகச் சொன்னார். அவர்களில் ஒருத்தி வேணி, குமரேசனின் மனைவி. மற்றவர்கள் போன பிறகு அவள் மட்டும் நின்றாள்.

"அப்ப இதுல பாத்தா எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாதாண்ணே?"

"சத்தியமாத் தெரியாதும்மா."

சும்மா கேட்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அந்த வாரமே குழாய் தொல்லை கொடுக்க ஆரம்பித்தது. எரிவாயு சிலிண்டர் பதியப் போனால், நீங்கள் வெளிநாட்டில் இருக்கிறீர்கள் என்று சொல்லித் தளம் கதவைச் சாத்தியது. மின்சாரக் கட்டணத் தளம் திறக்கவே இல்லை. சமையல் பார்க்கும் முத்துலட்சுமி நாலு நாள் விறகடுப்பை ஊதிவிட்டு, உங்க குழாயை நீங்களே வச்சுக்குங்க, எனக்கு சிலிண்டர் வேணும் என்று கரண்டியோடு வந்து நின்றாள்.

சிலவற்றை மட்டும் குழாயில் விட்டு, மற்றதை நேர்வழியில் அனுப்ப அந்த மென்பொருளில் வசதி இருந்தது. நல்லசிவம் குருவிடம் போனார்.

"அம்மா, எதைக் குழாயில விடுறது, எதை வெளிய விடுறது?"

தாயம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எதை மறைக்கணும்னு தோணுதோ, ஒரு தாள்ல எழுதிட்டு வாங்க. பாக்கலாம்."

எழுதினார். எழுதியதைக் காட்டத்தான் துணிச்சல் வரவில்லை. தானே முடிவு செய்துகொண்டார். கணினியில் இணையம் பார்க்க இரண்டு உலாவிகள் இருந்தன. ஒன்றை அவர் உபயோகிப்பார். இன்னொன்றை மடத்துக்கு வருகிறவர்கள் உபயோகிப்பார்கள். தன்னுடையதைக் குழாயில் விட்டார். வருகிறவர்கள் பார்ப்பது, சிலிண்டர், மின்சாரம் எல்லாம் மற்றதில் நேர்வழியே போயின. முத்துலட்சுமிக்கு சிலிண்டர் வந்தது. யாரிடமும் எதையும் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை வேணி கணினி முன்னால் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். மதுரையில் ஒரு பெண்கள் காப்பகம். முந்தின வாரம் விண்ணப்பித்திருந்தாள். திங்கட்கிழமை வரலாம் என்று பதில் வந்திருந்தது. அதுவரை வீட்டில் தெரியக் கூடாது. முன்பு ஒருமுறை அவள் கிளம்பப் பார்த்தது தெரிந்துபோய், தோள்பட்டை எலும்பு முறிந்தது. குருவுக்கு இது தெரியும். நல்லசிவத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

புதன்கிழமை காலை குமரேசன் மடத்துக்கே வந்தான். முகத்தில் கேலி இல்லை.

"நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு இங்கேருந்து மதுரைக் காப்பகம் ஒண்ணைப் பாத்திருக்காங்க. யாரு சாமி?"

குழாய் இருக்கும்போது எப்படி என்று நல்லசிவம் ஒரு கணம் குழம்பினார். பிறகு இரண்டாவது உலாவி நினைவுக்கு வந்தது. தெரியாதாண்ணே என்று வேணி கேட்ட குரலும் வந்தது.

"பத்துப் பொம்பளைங்க வந்தாங்கல்ல. எம் பொண்டாட்டியும் வந்தாளே."

தாயம்மை உள்ளேயிருந்து வந்தார்.

"நான்தான் பாத்தேன்."

"நீங்களா? உங்களுக்கு எதுக்குங்க காப்பகம்?"

"இங்கேருந்து போயிடலாமான்னு ஒரு யோசனை."

குமரேசன் அவரைப் பார்த்தான். அப்புறம் நல்லசிவத்தை மேலும் கீழும் பார்த்தான். மெல்ல அவன் முகத்தில் பழைய சிரிப்பு வந்தது. இவ்வளவு பெரிய சேதியை வைத்துக்கொண்டு அவனால் அங்கே நிற்க முடியவில்லை.

மதியத்துக்குள் கடைவீதி முழுக்கப் பரவிவிட்டது. மடத்தில் கிழவன் கை நீட்டுகிறானாம், அந்த அம்மா ஓடிப்போக இடம் தேடுகிறாராம். நல்லசிவம் டீக்கடைப் பக்கம் போவதை நிறுத்தினார். இல்லை என்று வாய் திறந்தால், அடுத்த கேள்வி வேணியிடம் போய் நிற்கும். பால்காரன் அவர் முகத்தைப் பார்க்காமல் பால் ஊற்றினான். திங்கட்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

திங்கட்கிழமை காலை வேணி கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மதுரை பஸ் ஏறினாள். மாலையில் குமரேசன் வந்து வாசலில் நின்று கத்தினான். தாயம்மை கேட்டுக்கொண்டிருந்தார். கத்தி முடித்தவன், போகும்போது மடத்து இணைப்பைப் பிடுங்கிக்கொண்டு போனான்.

இரண்டு வாரம் கழித்து வேறோர் இடத்திலிருந்து புது இணைப்பு வந்தது. நல்லசிவம் மறுபடியும் குருவின் முன்னால் போய் நின்றார்.

"அம்மா, இந்தத் தடவை நீங்களே சொல்லிடுங்க. எதைக் குழாயில விடுறது?"

"அன்னைக்கு எழுதின தாள் இருக்கா?"

சட்டைப் பையில் இருந்தது. படிக்கச் சொன்னார். நல்லசிவம் நின்றபடியே படித்தார். கிரிக்கெட் ஸ்கோர். தலைமுடிச் சாயம். மூலத்துக்கு மருந்து. தன்னிடம் பேச்சை நிறுத்திவிட்ட மகளின் கல்யாணப் படங்கள்.

தாயம்மை சிரிக்கவில்லை. அவர் படித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"இதுல எது வெளிய தெரிஞ்சா உங்களை அடிப்பாங்க?"