கொடுக்கப்பனின் தங்க மாளிகை

ஆழ்கடலின் அடியில், வெந்நீர் கக்கி ஓய்ந்துபோன இரண்டு கல் குழாய்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்றில் கொடுக்கப்பன் என்ற நண்டு குடியிருந்தான். இன்னொன்றில் மெத்தனம்மா என்ற நத்தை குடியிருந்தாள்.

பூமிக்குள்ளிருந்து வெந்நீரோடு வந்த இரும்பும் கந்தகமும் படிந்து படிந்து உண்டான குழாய்கள் அவை. உடம்பில் வெளிச்சம் வீசும் விளக்கு மீன் அந்தப் பக்கம் வந்தால் தங்கம் மாதிரி மின்னும். போதாதா நண்டுக்கு? போகிற வருகிற இறாலையெல்லாம் நிறுத்தி, "நம்ம வீடு சொக்கத் தங்கம்" என்று அளந்துகொண்டிருந்தான்.

கடல்நீர் சும்மா இருக்குமா? கொஞ்ச காலத்தில் இரண்டு வீட்டுச் சுவரிலும் பழுப்பாகத் துரு ஏறியது. கொடுக்கப்பனுக்கு அது பொறுக்கவில்லை. கொடுக்கால் துருவைச் சுரண்டித் தள்ளினான். உள்ளேயிருந்து புதுசாக மின்னியது. அதுவும் துருப்பிடித்தது. அதையும் சுரண்டினான். சோறு தண்ணி இல்லாமல் இதே வேலையாகத் திரிந்தான்.

மெத்தனம்மா எதையும் தொடவில்லை. அவளைப் பெரிய அறிவாளி என்று நினைத்துவிடாதீர்கள், வெறும் சோம்பேறி.

"என்னக்கா, வீட்டை இப்படிப் போட்டு வச்சிருக்கே? பார்க்கவே கண்றாவியா இருக்கு" என்றான் கொடுக்கப்பன்.

"கண்ணை மூடிப் படுத்தா சுவர் எங்கேப்பா தெரியுது?" என்று கொட்டாவி விட்டாள் மெத்தனம்மா.

இதையெல்லாம் நெளியன் என்ற விலாங்கு ஒரு பாறை இடுக்கிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். நண்டுக்கறி என்றால் அவனுக்கு உயிர். ஆனால் ஓட்டோடு கடித்தால் பல் போய்விடும். நண்டு பழைய ஓட்டைக் கழற்றும்போதுதான் உடம்பு மெத்தென்று இருக்கும். புது ஓடு இறுகும்வரை வீட்டுக்குள் பதுங்கிவிடும். வாசலில் நெளியனின் தலை நுழையாது; அந்த வீட்டுச் சுவர்தான் அவனுக்கு இடைஞ்சல்.

அதனால் நெளியன் தினமும் வந்து குழைந்தான். "அண்ணே, மாளிகை ஜொலிக்குது போங்க. அந்த வாசல் ஓரத்துல மட்டும் லேசா துரு."

"எங்கே, எங்கே?" என்று பதறிச் சுரண்டினான் கொடுக்கப்பன்.

மறுநாள் நெளியன் வேறோர் ஓரத்தைக் காட்டினான். அதற்கு மறுநாள் இன்னோர் ஓரம். கடைசியில் சுவர் அப்பளக் கனத்துக்கு வந்து நின்றது. ஆனால் அப்படியொரு பளபளப்பு!

ஓடு கழற்றும் நாள் வந்தது. கொடுக்கப்பன் ஓட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மெத்தென்ற உடம்போடு மூலையில் முடங்கினான். நெளியன் வந்து மூக்கால் ஒரு முட்டு முட்டினான். தங்க மாளிகை பொலபொலவென்று உதிர்ந்து தரையில் கிடந்தது. கிளம்பிய தூளில் நெளியனுக்குக் கொஞ்ச நேரம் கண் தெரியவில்லை.

"அக்கா, காப்பாத்து!" என்று அலறிக்கொண்டு கொடுக்கப்பன் பக்கத்து வீட்டுக்கு ஓடினான். அந்த வீட்டுக் குட்டி வாசலில் சரக்கென்று நுழைந்துகொண்டான். நெளியனின் தலை அதில் நுழையவில்லை. ஆகவே அங்கேயும் சுவரில் முட்டினான்.

வெறும் இரும்பைத் தின்கிற துரு, அந்தக் கல் சுவரிலோ தடித்து, கெட்டியான தோலாக மூடியிருந்தது. உள்ளே இருந்ததைக் கடல்நீர் அரிக்கவே இல்லை. முதல் முட்டில் நெளியனுக்கு மூக்கு வீங்கியது. அடுத்த முட்டில் பல் ஆடியது.

"அக்கா, உங்க வீட்டுலயும் கொஞ்சம் துரு இருக்கு..." என்று வெளியே நின்று இழுத்தான்.

"இருக்கட்டும் தம்பி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள் மெத்தனம்மா. நெளியன் வீங்கிய மூக்கோடு வந்த வழியே போனான்.

கொடுக்கப்பனுக்குப் புது ஓடு இறுகியது. இறுகியதும் கொடுக்கு நமநமவென்று அரித்தது. "அக்கா, இந்த ஓர் இடத்தை மட்டும் லேசா..." என்று சுவர்ப் பக்கம் நகர்ந்தான்.

"கையை வச்சே, வெளியே தள்ளிடுவேன்" என்றாள் மெத்தனம்மா. அவள் பிறந்ததிலிருந்து இவ்வளவு வேகமாகப் பேசியதே இல்லை. கொடுக்கப்பன் கொடுக்கை மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

நாலு பேர் மெச்சவேண்டும் என்று, நம்மைக் காக்கிறதையே நாம் சுரண்டி எறியக் கூடாது.