கிடையில் சொல்லக் கூடாத சேதி

அந்தக் காலத்தில் ஆடும் நாயும் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்தன. கேட்க நன்றாகத்தான் இருக்கும். கிடை போட்டவர்களைக் கேட்டால்தான் அந்தப் பாடு தெரியும். அறுத்த வயலில் படல் கட்டி ஆடுகளை அடைத்துப்போடுவதற்குப் பெயர் கிடை. அதற்குள் ஓர் ஆடோ நாயோ செத்தால், செத்தது என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. சாவுச்சேதி காதில் விழுந்தால் மற்ற ஆடுகள் படலை முறித்துக்கொண்டு திசைக்கொன்றாய் ஓடிவிடும். அதனால் "தூங்குது" என்று சொல்லி, தூக்கிப்போய்ப் புதைத்துவிடுவார்கள். ஆடுகளும் நம்பின. ஆடுதானே!

கிடைக்காரர் சோணையின் குடும்பமே கிடைக்குள்தான் குடியிருந்தது. அவருக்கு ராக்கு என்று ஒரு சின்ன மகள். சடையன் என்ற நாயின் வாலைப் பிடித்துத்தான் அவள் நடக்கவே பழகினாள்.

அந்தச் சடையனுக்கு வயிற்றில் கட்டி வந்தது. கஞ்சியை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான். படுத்தபடியே இரைத்தான். "வெளையாட வர மாட்டியா? போ, நீ எனக்கு வேணாம்!" என்று ராக்கு ஒருநாள் வைதுவிட்டாள். சடையன் அவள் கையை நக்கினான். "வெளிய வா ராக்கு, ஒண்ணு சொல்லணும்" என்றான். கிடைக்குள் வைத்துச் சொல்ல அவனுக்கும் அனுமதி இல்லை. ஆனால் படல் வரைக்கும் நடக்க அவனுக்குத் தெம்பில்லை. பாதி வழியிலேயே படுத்துவிட்டான்.

மறுநாள் மத்தியானம் ராக்கு கண் விழித்தபோது, சோணை சடையனைத் தோளில் போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

"எங்கய்யா தூக்கிட்டுப் போறீக?"

ஆடுகள் காதை நிமிர்த்தின.

"தூங்குறான் தாயி" என்றார் அவர்.

ராக்கு படல் இடுக்கு வழியே பார்த்தாள். அய்யா குழி வெட்டினார். சடையனை உள்ளே இறக்கினார். மண்ணைத் தள்ளி மூடி, காலால் மிதித்தார்.

தூங்கினால் மண்ணைப் போட்டு மூடிவிடுவார்கள்! அவளுக்கு அப்படித்தான் புரிந்தது.

அதன் பிறகு கண் சொருகும்போதெல்லாம் தொடையைக் கிள்ளிக்கொண்டாள். தொட்டிலில் தம்பி அயர்ந்தால் ஓடிப்போய் உலுக்கினாள். அவன் வீறிட்டு அழுத பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும். ஆத்தா உட்கார்ந்தபடி தலை சாய்த்தாலும் "தூங்காத ஆத்தா, தூங்காத!" என்று மேலே விழுந்து கத்தினாள். அய்யா மண்வெட்டியைத் தொட்டால் சாக்குக்குள் போய்ச் சுருண்டுகொண்டாள். உடம்பு அனலாகக் கொதித்தது. காத்து கருப்பு என்று வேப்பிலை அடித்தார்கள். காத்தும் இல்லை, கருப்பும் இல்லை; பிள்ளையைப் பிடித்திருந்தது அவர்கள் சொன்ன பொய்தான்.

"இப்படியே கிடந்தா செத்துருவாளே" என்று முணுமுணுக்கக்கூட ஆத்தாவுக்கு வழியில்லை. சத்தமில்லாமல் அழுதாள். "ஏன்டி கண்ண மூட மாட்டேங்குற?"

"மூடுனா அய்யா என்னையும் பொதைச்சுருவாரு."

கட்டிலுக்கடியில் கிடந்த பூச்சி என்ற சடையனின் குட்டி எட்டிப்பார்த்தது. "என்னையுமா?" என்று கேட்டது.

மகளை வெளியே தூக்கிப்போய்ச் சொல்லலாம் என்று சோணை கை நீட்டினார். குழிக்குத்தான் என்று நினைத்து அவள் கடித்துவிட்டாள். அவர் ஆடுகளைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு இருந்த சொத்தெல்லாம் அவைதாம். பிறகு மகளுக்கு எதிரே, கிடைக்கு நடுவிலேயே உட்கார்ந்தார்.

"சடையன் தூங்கல தாயி. செத்துப்போனான்."

ஆடுகள் மொத்தமும் ஒரே நேரத்தில் எழுந்தன. படல் முறிந்தது. புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. ஆத்தா தலையில் அடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். சோணை இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"செத்தா எந்திரிக்க மாட்டானா?"

"மாட்டான். கூப்புட்டாலும் காது கேக்காது."

"மண்ணு குத்தாதா? மூச்சு முட்டாதா?"

"மூச்சு நின்ன பெறகுதான் பொதைச்சேன். இனி அவனுக்கு வலியே இல்ல."

"நான் வேணாம்னு வைஞ்சேன். அதுனாலயா?"

"இல்ல தாயி. வயித்துல கட்டி. யாரு வைஞ்சும் கட்டி வராது."

அப்போதுதான் அவள் அழுதாள். அவரும் அழுதார்.

"நான் தூங்குனா எந்திரிப்பேனா?"

"எந்திரிப்ப."

"எப்புடித் தெரியும்?"

அந்தக் காலத்தில் நாய்கள் கல் மாதிரி அசையாமல்தான் தூங்கும். தூங்குகிற நாயையும் செத்த நாயையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் வித்தியாசம் தெரியாது.

பூச்சி கட்டிலுக்கடியிலிருந்து ஊர்ந்து வந்தது. "எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றது. "மொதல்ல நான் தூங்குறேன். தூங்கிக்கிட்டே கால ஆட்டுறேன். ஆடுற வரைக்கும் உசுரோட இருக்கேன்னு நீ தெரிஞ்சுக்க."

ராக்குவின் மடியை ஒட்டிப் படுத்துக் கண்ணை மூடியது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. ராக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். உலுக்கலாமா என்று கை போனது. அப்போது பின்னங்கால் வெடுக்கென்று உதைத்தது. அப்புறம் முன்னங்கால். தொண்டைக்குள் ஒரு சின்ன முனகல். ராக்கு அதன் விலாவில் கையை வைத்தபடியே சாய்ந்தாள்.

பொழுது சாய, பாதி ஆடுகளைத்தான் ஆத்தாவால் ஓட்டிவர முடிந்தது. வைய வாயெடுத்தவள் மகள் தூங்குவதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அன்று முதல்தான், பயந்த பிள்ளை யாராவது பக்கத்தில் கண் மூடாமல் பார்த்துக்கொண்டிருக்குமோ என்று, நாய்கள் தூக்கத்திலும் காலை உதைத்துக்கொண்டிருக்கின்றன.